குமாஸ்தா மீசைமேல் வயலட் வட்டம்

ஹா ரமோக்கெலே என்கிற ஊரில் குழாயடிக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சேதி இது. தபால் ஆபீஸ் வாசலில் எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்கும் மாலினேயோவின் தகர டப்பாவுக்குள் தபால் குமாஸ்தா செகோன்யானாவின் போட்டோ இருக்கிறது. சும்மா இல்லை, மீசைமேல் வயலட் நிறத்தில் வட்டமாக ஒரு முத்தக்கறையோடு இருக்கிறது. முதலில் சொன்னவள் ஒரு முத்தம்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் மூன்றாகிவிட்டது.

போட்டோ உண்மை, வட்டமும் உண்மை. மிச்சம் நடந்தது வேறு.

லெசோத்தோவின் அந்த மலையடியில் பாதி ஆம்பிளைகள் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்தில் கிடந்தார்கள். பெண்டாட்டி அனுப்பும் போட்டோதான் அவர்களுக்குக் குடும்பம். போட்டோக்காரர் மாதம் ஒருமுறை குதிரையில் வந்து படம் பிடிப்பார், பிரிண்டுகளை மாலினேயோவிடம் விட்டுப் போவார். கேட்டவர்களுக்கு அவள் பொட்டலமும் கட்டிக் கொடுப்பாள்.

ஒரு நாள் லிசெபோ, முதுகில் பிள்ளையைப் போர்வையால் கட்டிக்கொண்டு, அழுத மூஞ்சியோடு வந்து நின்றாள். அவள் புருஷன் துமேலோ சுரங்கத்துக்குப் போனபின் பிறந்த பிள்ளை. மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பிள்ளைக்கோ அப்பன் காது, குடத்துக்குப் பிடி வைத்தமாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காது ஒன்றே சாட்சி என்று லிசெபோ படம் பிடித்து, மெல்லிசுக் கவரில் கடிதத்தோடு மடித்துப் போட்டுவிட்டாள். மூக்கில் மடிப்பு விழுந்தது. காதுமேல் தபால் முத்திரை இறங்கியது.

துமேலோ பதில் போட்டான், படத்தில் காதையே காணோம், இது யார் பிள்ளை என்று. மாமியார் அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஈஸ்டருக்குள் மகன் வாயால் 'என் பிள்ளை' என்று வராவிட்டால் மூட்டையைக் கட்டு என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிரிண்ட். ஆற்றைக் கடக்கும்போது குதிரை இடறி, போட்டோக்காரரின் காமிராவும் நெகட்டிவும் ஒன்றாகத் தண்ணீரில் போய்விட்டன.

மாலினேயோ மெழுகுவத்திப் பெட்டியைக் கிழித்து இரண்டு அட்டை வெட்டினாள். ஒன்றில் அட்டையின் உள்வரி நெடுக்கே, மற்றதில் குறுக்கே. அப்படி வைத்தால் எந்தப் பக்கமும் மடியாது. படத்தின் நாலு மூலையையும் காகித முக்கோணத்தில் செருகினாள். பசை படத்தைத் தொடவில்லை. அட்டை படத்தைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் பெரிசு. கவரில் போட்டு, ஸ்டாம்பை அந்த ஓரத்துக்கு மேலே ஒட்டினாள்.

ஆனால் செகோன்யானா இருக்கிறாரே. ஸ்டாம்பு எங்கே இருந்தாலும் அவருக்கு முதல் குத்து நடுவில்தான், இரண்டாவதுதான் ஸ்டாம்பில். விறகு பிளக்கிற மாதிரி ஓங்குவார். பைக்குள் போகாததை முழங்காலில் வைத்து மடக்குவார். மாலினேயோ ஜன்னலில் போய் நயமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அரசாங்க முத்திரைம்மா. தடவிக் குடுக்கறதுக்கு இது என்ன பூனைக்குட்டியா?" என்றார்.

அவள் தன் டப்பாவுக்குத் திரும்பிவிட்டாள். டப்பாவில் அவருடைய பிரிண்டுகளும்தானே கிடந்தன! பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம் ஆகி, இன்னொருத்தியைக் கட்டலாம் என்று புதுத் தொப்பியோடு பிடித்துக்கொண்டவை. அதில் ஒன்றை மெல்லிசுக் கவரில் போட்டு, மேலே அவர் பேரையே எழுதி, ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் குத்தினார். பேரைக்கூடப் பார்க்கவில்லை. குத்தின தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும்போதுதான் தன் பேர் கண்ணில் பட்டது. வரிசையில் நின்ற பத்துப் பேர் முன்னால் ஆசையாகக் கிழித்தார். மை உள்ளே இறங்கி, மீசைமேல் கச்சிதமாக ஒரு வட்டம். மூக்கு நசுங்கிப் பள்ளமாகியிருந்தது.

"ஐயா, பொண்ணு வீட்டுக்குப் போறதையும் இதே கையாலதான் குத்துவீங்களா?" என்றாள் மாலினேயோ, ஜன்னலுக்கு வெளியே.

வரிசை சிரித்தது. அவர் படத்தை அவள்மேல் விட்டெறிந்தார். அவள் அதைத் துடைத்து டப்பாவில் வைத்துக்கொண்டு, லிசெபோவின் கவரை நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஓரத்தில், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி, மெல்ல ஒரு அழுத்து. மடக்காமல் பைக்கு மேலாக வைத்தார்.

ஈஸ்டருக்குத் துமேலோவே வந்து இறங்கினான். போர்த்தியிருந்த போர்வைக்குள்ளிருந்து படத்தை அட்டையோடு எடுத்து, பிள்ளைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் திரும்பினான்.

"இது என் பிள்ளைதாம்மா. இந்தக் காதைப் பிடிச்சுத்தானே நீ என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போவே."

கிழவி களி கிண்டப் போய்விட்டாள். ஆனால் வாய் சும்மா இருக்குமா? மறுவாரம் பணியாரம் வாங்க வந்தபோது டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், குழாயடிக்குச் சேதி போய்விட்டது.

சேதி சுற்றிச் சுற்றிக் கடைசியில் மாலினேயோ காதுக்கே வந்தது. ஒருத்தி பணியாரத்தை மென்றுகொண்டே, ஏன் அக்கா, நிஜமாகவே முத்தமா என்று கேட்டுவிட்டாள். மாலினேயோ எண்ணெய்க் கையைத் துடைத்து, படத்தை எடுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"அந்த மீசைக்கு நான் வாயை வெப்பேனா? நல்லாப் பாருடி, மார்ச் பதினாலுன்னு போட்டிருக்கு. முத்தத்துல எவடி தேதி போடுவா?"