வெள்ளிக்கிழமைச் சட்டி

பக்கத்து வீட்டில் சோற்றோடு சீனச் சொசேஜ் அவிகிறது. இனிப்பும் கொழுப்பும் கலந்த அந்த வாசனை வந்தால் எனக்கு இப்போதும் ஒரு வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நோபல் பார்க் என்ற புறநகரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மெய்லிங் என்ற சீன மாணவி வாடகைக்கு இருந்தாள். சோறு வேகும்போதே பன்றிச் சொசேஜ் இரண்டை அதன்மேல் வைத்து அவித்துவிடுவாள். அநேகமாக அதுதான் அவளுடைய சாப்பாடு. இறைச்சி படாத தன் விரதச் சட்டியை மட்டும் தொடக்கூடாது என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிவிட்டு வந்த பசியில், மெய்லிங்கின் சொசேஜ் ஒன்றை எடுத்து, குசினி அடுப்பில் அந்தச் சட்டியிலேயே அவித்துத் தின்றேன். கழுவுவதற்குள் அம்மா வேலையால் வந்துவிட்டார். அம்மா போட்ட சத்தம் கேட்டு மெய்லிங்கும் குசினிக்கு வந்தாள்.

"ஆர் இதில இறைச்சி அவிச்சது?"

மெய்லிங் சட்டியையும் என் முகத்தையும் பார்த்தாள். "நான்தான் அன்ரி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு அறை பார்க்கும்படி அம்மா சொல்லிவிட்டார்.

பின்னறையில் சூட்கேஸ் இழுபடும் சத்தம் கேட்டது. ஜிப் மூடும் சத்தம் கேட்டபோதுதான் அழுகை வெடித்தது.

"அம்மா, நான்தான் அவிச்சனான்!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா நேரே பின்னறைக்குப் போனார்.

"ஏன் பொய் சொன்னாய்?" என்று அவளிடம் கேட்டார்.

"சின்னப்பிள்ளை அன்ரி. பயந்து நின்றாள்."

அம்மா சூட்கேஸைத் திறந்து, மெய்லிங்கின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.