மதகடியில் நிற்கும் கார்

எங்கள் கார் வீட்டிலிருந்து சமர்த்தாகத்தான் கிளம்பும். எஞ்சின் சூடேறி, ஊருக்கு வெளியே வாய்க்கால் மதகை நெருங்கும்போது இரண்டு தடவை திக்கும், பிறகு படுத்துவிடும். படுப்பதுதான் படுக்கிறது, டீக்கடைக்கு எதிரிலா படுக்க வேண்டும்? "டீச்சரம்மா வண்டி நின்னுருச்சுடோய்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். சிரிப்பு வரும். தள்ள மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

என் அம்மா அந்த ரோட்டில்தான் ஈர நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து அடுத்தவர் வயலுக்கு நடந்தாள். அதே ரோட்டில் நான் குத்தாலத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கார் ஓட்டிப் போவது சிலருக்கு உறுத்தியது. உறுத்தட்டும் என்றுதான் ஓட்டினேன்.

மெக்கானிக் காயிலை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார், கடைசியில் கையை விரித்தார். "வயசாயிருச்சு மேடம், சூடு தாங்கல. வந்த விலைக்குத் தள்ளி விட்டுருங்க."

என் கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேராவூரணித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம் விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? பஸ்ஸுலயே போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் போனால் டீக்கடைச் சிரிப்பு ஜெயித்துவிடும். விடுவேனா?

சனிக்கிழமை வாசலிலேயே நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டேன். சூடு காட்டும் முள் ஏறியது. ஃபேன் சுற்றி ஓய்ந்து மறுபடி சுற்றியது. எஞ்சின் நிற்கவே இல்லை. அப்படியானால் சூட்டின்மேல் பழி போட்டது பொய். ரோட்டில் ஓடும்போது மட்டும் வேகமாகக் குறைவது எது? பெட்ரோல்.

மதகுக்கு ஓட்டிப் போனேன். வழக்கம்போல் நின்றது. சிரிப்பைக் காதில் வாங்காமல் இறங்கி, பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூடியின் உட்புறம் வட்டமாக வெட்டி ஒட்டிய சைக்கிள் டியூப். மழைத்தண்ணீர் டீசலில் இறங்காமலிருக்க, வயலில் பம்புசெட் எஞ்சினுக்கு எங்கள் பக்கம் செய்கிற வேலை. அந்த டேங்கில் காற்றுக்குத் தனித் துளை உண்டு. என் காருக்கு மூடியில் உள்ள துளைதான் மூச்சு. அதை அடைத்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றில்லாமல், மிச்ச பெட்ரோல் எஞ்சினுக்கு வராது. ஐப்பசி மழையில் இந்தக் கைவேலையைக் காட்டியது யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பிய்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவர் முன்னால் போட்டேன்.

"தண்ணி எறங்கக் கூடாதேன்னுதான்..." என்று இழுத்தார்.

"தண்ணியும் எறங்கல, காத்தும் எறங்கல."

"இப்ப என்ன பண்றது? அவருக்கு வாக்கு குடுத்தாச்சே."

"வாக்கு குடுத்தது நீங்க. வண்டி என் பேர்ல இருக்கு."

மறுநாள் தோப்புக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பாவம், அவர் என்ன செய்வார்? காபி கொடுத்தேன். "வண்டி விக்கிறதா இல்லைங்க. வீணா அலைஞ்சுட்டீங்க. ஏறுங்க, நானே குத்தாலம் பஸ் ஸ்டாண்டுல விட்டுடுறேன்."

அவர் முன்னால் உட்கார்ந்தார். என் கணவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மதகு வந்தது. டீக்கடையில் தலைகள் திரும்பின.

கார் நின்றது. இந்தத் தடவை நான்தான் பிரேக் போட்டேன். கண்ணாடியை இறக்கி, "யாருக்காச்சும் குத்தாலம் போகணுமா? பின்னாடி எடம் இருக்கு, வாங்க" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.