இடது பக்கத்து நட்டு

கார்த்திகை மாதத்து மூன்றாம் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குச் சக்கரத்தைக் கழற்றினோம்; மாலை நாலே காலுக்குத் திரும்ப மாட்டினோம். இடையில் நடந்தவற்றை எல்லாம் அன்றே குறித்து வைத்திருக்கிறேன். ஒரு குறிப்பு மட்டும் தவறு. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியிருக்கிறேன்.

சைக்கிள் என்னுடையதல்ல, பக்கத்து அறைக்காரருடையது. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்காரர் வரிசையாக ஐந்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். முதல் இரண்டில் நானும் என் மனைவியும். மூன்றாவதில் அவர். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர், வயது முப்பத்தேழு. சிறு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. ஒரு கிடங்கில் உட்கார்ந்தபடி அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை, ஒப்பந்தக்காரர் மூலமாக. கிடங்கின் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வரும், இரண்டு நிமிடம் நிற்கும், போய்விடும். அந்த நேரத்தில் ஊருக்குள் ஷேர் ஆட்டோ கிடையாது. ஸ்கூட்டரின் கனத்தை ஒற்றைக் காலில் தாங்க முடியாது என்பதால் தண்டலத்தில் ஒரு கடையில் இந்த மின்சார சைக்கிளை வாங்கியிருந்தார். மிதிக்க வேண்டாம். கைப்பிடியைத் திருகினால் பின்சக்கரத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இருக்கும் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும்.

ஊரில் அவருடைய அண்ணன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்தால் போதும், மூன்று வேளையும் சோறு, இங்கே வந்துவிடு என்று மாதம் ஒருமுறை போன் வரும். ஒருமுறை என் எதிரிலேயே பேசி முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க இருந்தா கக்கூஸுக்குப் போகக்கூட யாராச்சும் வந்து கையைப் பிடிப்பாங்கண்ணே. பாசத்துலதான். அதுதான் கஷ்டம்."

ஐப்பசி கடைசியில் பெய்த மழையில் கூட்டுரோட்டுக்குப் போகும் வழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நாலு நாள் அதற்குள்ளேயே ஓட்டிப் போனார். ஐந்தாம் நாள் கைப்பிடியைத் திருகினால் சக்கரம் சுற்றாமல் குளிர் ஜுரக்காரனைப் போல உதறியது. தண்டலத்துக் கடை மூடியிருந்தது. பலகை மட்டும் தொங்கியது. வாலாஜாபாத்தில் இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்ப்பதாகச் சொன்ன மெக்கானிக்கிடம் என் பைக்கின் பின்னால் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு முறை கையால் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள தண்ணி பூந்துகீது சார். மோட்டார்லாம் நம்ம தொட்றதில்ல. பிரேக்கு, பேட்டரின்னா குடு, பாத்துத் தரேன்."

"திறந்தாவது பாக்கலாமில்ல?" என்றேன்.

"தொறந்துடலாம் சார். மூடுறது யாரு? உள்ள அவ்ளோ காந்தம். வெரல மாட்டுனீன்னா வெரல் அதுக்கு, மிச்சம் உனக்கு. புச்சு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கினு போவியா."

புதியதற்கு அவரிடம் வழியில்லை. அந்த இரண்டு வாரத்தில் அடுத்த அறைப் பையன்கள் சில நாள் ஏற்றிப் போனார்கள். காலை ஷிப்ட் வந்த வாரத்தில் நான் கொண்டுபோய் விட்டேன். மற்ற நாட்களில் ஊன்றுகோலோடு நாலரைக்கே நடக்கத் தொடங்கினார். மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டார். சனிக்கிழமை ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் கூப்பிட்டு, திங்கட்கிழமையும் லேட் என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். திங்கள் இரவு முதல் எனக்கு நைட் ஷிப்ட் வாரம். செவ்வாயிலிருந்து காலையில் வீடு திரும்பவே ஏழரை ஆகும். பையன்களும் ஷிப்ட் மாறிவிட்டார்கள்.

நான் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். மோட்டார் என் வேலையில்லை. ஆனால் கிடைத்ததை எல்லாம் வாசிக்கிற பழக்கம் உண்டு. இந்த ஊரில் அகழாய்வுக் குழி தோண்டியபோது லீவு போட்டுவிட்டுக் குழியோரம் நின்று அடுக்கடுக்காக அளவு குறித்துக்கொண்டவன். இந்த மோட்டாரைப் பற்றியும் ஒரு வாரம் வாசித்தேன். சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல உள்ளே மூன்று சென்சார்கள் இருக்கும், அரிசிப் பொரி அளவில், மும்மூன்று கால்களோடு. ஒன்று செத்தாலும் மோட்டார் திசை தெரியாமல் உதறும். சனிக்கிழமை மாலை சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் ஆறு வாங்கி வந்தேன், மூன்று கெட்டுப்போனாலும் மூன்று இருக்கட்டும் என்று.

எங்களிடம் இருந்தவை: ஒரு கட்டு ஆலன் கீ, இரண்டு ஸ்க்ரூ டிரைவர், வாய் தேய்ந்த ஓர் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், என் பழைய சால்டரிங் கருவி, இரவல் மல்டிமீட்டர். மூடியை இழுத்தெடுக்கும் புல்லர் இல்லை. ஞாயிறு காலை வாசலில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினோம்.

"இன்னாங்க, வூடா இது, ஒர்க்சாப்பா?" என்றாள் மனைவி. "கோலம் போட்ட எடத்துலயே வெச்சுக்கினீங்களே."

"மதினி, இன்னைக்கு ஒருநாள் மட்டும். நாளைக்கு ரெண்டு கோலமாப் போட்டுக்கிடுங்க," என்றார் அவர்.

"நீ வண்டியில போய்க்கினே இரு, நான் தெரு முச்சூடும் போடுறேன்."

மூடியின் திருகுகளில் ஒன்று துருப்பிடித்து மசியவில்லை. தேங்காயெண்ணெய் விட்டு அரைமணி காத்திருந்தோம். பிறகு அச்சின் நுனியை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, ஆளுக்கொரு பக்கமாகச் சக்கர விளிம்பைப் பிடித்துக் கீழே அழுத்தினோம். அவருக்குத் தோளிலும் கையிலும் என்னைவிட இரண்டு பங்கு பலம். மூன்றாவது அழுத்தலில் காந்தம் பிடியை விட்டது. உள்ளே ஒரு கையளவு செம்மண் தண்ணீர், பழைய ஆணி டப்பாவின் வாசனை. நடுச் சென்சாரின் கால்கள் பச்சைக் களிம்பாகிக் கரைந்திருந்தன.

"இத்தூண்டுதானா?" என்றார் குனிந்து பார்த்து. "இதுக்காண்ணே நாலரைக்கு எந்திரிச்சு நடந்தேன்?"

மூன்றையும் மாற்றினேன். எந்தப் பக்கம் எழுத்து இருந்தது, எந்தக் காலில் எந்த நிறக் கம்பி என்று வரைந்துகொண்டு, ஒவ்வொன்றாக. எபாக்சி வைத்து ஒட்டிக் காய நாலு மணி நேரம். பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. நல்லவேளை, அதற்குள் சால்டரிங் முடிந்திருந்தது. மூன்றரைக்கு மூடியை மூடினோம்; இந்தமுறை காந்தம் பிடித்திழுத்ததில் என் சுண்டுவிரல் நகம் கறுத்தது. சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டி, இரண்டு பக்க நட்டையும் என் முழுப் பலத்தோடு முறுக்கி, சட்டைப்பையில் இருந்த பெயின்ட் மார்க்கரால் இரண்டிலும் மஞ்சள் கோடு போட்டேன்.

இந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் கோடு இழுப்பார்கள். கோடு விழுந்த நட்டை அதற்குப்பின் யாரும் தொடக்கூடாது. மறுபடி முறுக்கினால் மரை கெட்டுவிடும் என்று விதி. பரிசோதிப்பவன் நட்டைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறான். பதினோரு ஆண்டுகளாக நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரகடம் சாலையின் இருபுறத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிற எவருக்கும் அது கண்ணிலேயே ஊறியிருக்கும்.

கோடு போட்ட பிறகுதான் செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு வாஷர் கிடப்பதைப் பார்த்தேன். அச்சு தானே சுழன்றுவிடாமல் சட்டத்தோடு பிடித்து வைக்கும் பல்வைத்த வாஷர் அது. இடது நட்டைக் கழற்றி, வாஷரைச் செருகி, நட்டை விரலால் ஓடவிட்டேன். அந்நேரம் கரண்ட் வந்தது.

"அண்ணே, சார்ஜர்! மறுபடி போயிரும்!" என்று அவர் பதற, எக்ஸ்டென்ஷன் கம்பியைத் தேடி எழுந்து உள்ளே ஓடினேன். பேட்டரியைச் சார்ஜில் போட்டோம். மனைவி டீ கொடுத்தாள். கையைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, நோட்டில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நட்டுகள் என்ற வரிக்கு வந்ததும் குனிந்து பார்த்தேன். இரண்டிலும் மஞ்சள். டிக் போட்டேன்.

"எல்லாம் டைட்தானண்ணே?"

"கோடு போட்டாச்சுப்பா."

அவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அவரும் இந்தச் சாலையில் வேலை பார்ப்பவர்தான்.

ஐந்தரைக்கு ஓட்டிப் பார்த்தார். தெருக்கோடி வரை மெதுவாகப் போய்த் திரும்பினார். சத்தமே இல்லை. என் மனைவி கைதட்டினாள். அவர் வண்டியை நிறுத்தாமல் எங்களைத் தாண்டி இன்னொரு சுற்றுப் போனார்.

திங்கள் இரவு வேலைக்குப் போக வேண்டியவன் நான். அன்று காலை வீட்டில்தான் இருந்தேன். வண்டிதான் சரியாகிவிட்டதே என்று தூங்கினேன்; அவர் ஐந்து மணிக்குக் கிளம்பியது எனக்குக் கேட்கவில்லை. ஆறரைக்கு வாசலில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வண்டியைக் கைப்பிடியால் தாங்கியபடி தள்ளிக்கொண்டு வந்திருந்தார். இடது முழங்கையில் சிராய்ப்பு.

"மேடு ஏறும்போது முழுசாத் திருகினேண்ணே. டப்புன்னு ஒரு சத்தம். போச்சு."

உட்கார்ந்து பார்த்தேன். அச்சு சட்டத்துக்குள் தானே சுழன்றிருந்தது. அதிலிருந்து வெளியே வரும் கேபிள், துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு அறுந்திருந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசியதில் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டியும் கருகி நாறியது. வலது நட்டு இருந்தது. இடது நட்டைக் காணவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. விரலால் ஓடவிட்டதும், எழுந்து போனதும், திரும்பி வந்து கோட்டைப் பார்த்ததும் வரிசையாக வந்து நின்றன. "சரி பண்ணிடலாம்பா" என்று ஏதோ சொன்னேன். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்பது மணிக்குச் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அவர் குரல்தான் கேட்டது: "சரி சார். சரி சார். இல்ல சார், தெரியும்."

செவ்வாயும் புதனும் எனக்கு அவரிடம் பேச வாய் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் தூக்கமும் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிடுங்க" என்றாள். "அப்புறம் சொல்றேன்" என்றேன். இட்லி எடுத்துப் போய்க் கொடுக்கும் சாக்கில் அவளே இரண்டு வேளையும் பார்த்துவந்தாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவருடைய அண்ணன் சின்ன லோடு வண்டி ஒன்றோடு வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தம்பியைப் போலவே முகம். டிரைவரோடு சேர்ந்து சாமான்களை ஏற்றத் தொடங்கினார். தம்பி கட்டிலில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் எதிரில் நின்றேன்.

"இடது பக்கத்து நட்டை நான் முறுக்கல. வாஷர் போட்டுட்டு அப்படியே விட்டுட்டேன். என் தப்புதான்."

அவர் மடித்துக்கொண்டிருந்த லுங்கியை மடித்து முடித்தார்.

"ரோட்லயே தெரிஞ்சுபோச்சுண்ணே. நட்டு கழண்டு ரோட்டோரம் கெடந்துச்சு. மரையில ஒரு கீறல் இல்ல, முறுக்கவே இல்லைன்னு பாத்ததுமே தெரியுது."

"சொல்லியிருக்கலாமே. ஏம்பா சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்." துணியைப் பைக்குள் வைத்தார். "மூணு நாளாப் பாத்தேன்."

இன்னொரு மோட்டார் வாங்கித் தருகிறேன், சூப்பர்வைசரைப் பார்த்துப் பேசுகிறேன் என்றெல்லாம் ஆரம்பித்தேன். "வேணாம்ணே. அந்தச் சீட்டுல செவ்வாக்கிழமையே ஆள் உக்காந்துட்டான்," என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை நான் பக்கத்து அறையில் பகல் முழுக்கக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அண்ணன் உள்ளே வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் இவனைக் கூடப்பொறந்தவனா நினைச்சுப் பாத்துக்கிட்டீகளாம். போன்ல எப்பவும் உங்க பேச்சுத்தான். வண்டியைக்கூட ஒரு நாள் பூரா உக்காந்து சரி பண்ணுனீகளாமே. நம்ம நேரம், மோட்டார் சரியில்ல."

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

லோடு வண்டியின் முன்சீட் உயரமாக இருந்தது. அவர் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, கதவின் மேல்விளிம்பைப் பிடித்து இடது காலைப் படியில் வைத்தார். அப்படித்தான் என் பைக்கில் ஏறுவார். நேரம் எடுக்கும், ஆனால் ஏறிவிடுவார். அண்ணன் பின்னாலிருந்து வந்தார். இரண்டு அக்குளிலும் கைகொடுத்து ஒரே மூச்சில் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தார். கலைந்திருந்த வேட்டியை இழுத்துக் காலை மூடினார். கதவைச் சாத்தினார்.

தம்பி கண்ணாடி வழியாக நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தார். வண்டி கிளம்பும்போது மணி ஒன்பது ஐந்து.