கவிழ்ந்த முகம்

ஃபாப்ரியானோ என்ற ஊரில் ஒரு சின்னக் காகித ஆலை. அங்கே எர்சிலியா தாள் பார்க்கிறவள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கறையும் கிழிசலும் உள்ள தாள்களைக் கழித்துப் போடுவாள். அவளுக்கு ஆசையெல்லாம் மாடியில் மெழுகு செதுக்குகிறவர் உட்காரும் நாற்காலிமீதுதான்.

முதலாளி தன் இறந்துபோன தாயின் முகத்தைக் கடிதத்தாளில் நீர்க்குறியாக, வெளிச்சத்தில் தூக்கினால் மட்டும் தெரியும் படமாகக் கொண்டுவர விரும்பினார். எர்சிலியாவைச் செதுக்கச் சொல்லி, முகம் சரியாக வந்தால் நாற்காலி அவளுக்கு என்றார்.

கண்ணாடிப் பலகையில் மெழுகை ஊற்றி, அடியிலிருந்து வெளிச்சம் விட்டுச் செதுக்கினாள். மெழுகு மெலிந்த இடம் வெளிச்சம், தடித்த இடம் நிழல். கன்னத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிறகு தலைமைச் செதுக்குநர் தர்சிசியோ அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, கம்பி வலையை அதில் வைத்து அழுத்தி, அந்த வலையைத் தாள் வார்க்கும் சட்டத்தில் பொருத்தினார். வலை பள்ளமான இடத்தில் காகிதக் கூழ் தடித்துத் தங்கி நிழலாகும், மேடான இடத்தில் மெலிந்து வெளிச்சமாகும். அச்சு எடுத்ததும் மெழுகை உருக்கிவிடுவது அங்கே வழக்கம்.

முதல் தாளைத் தூக்கிப் பார்த்த முதலாளி முகம் சுளித்தார். கன்னம் கறுத்து, தலைமுடி வெளுத்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழி.

"எங்கம்மாவைப் பேயாக்கிட்டீங்களே."

தாள் பார்க்கிற கைக்கு மெழுகு ஒத்துவராது என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார் தர்சிசியோ.

"அழுத்தின வலையைக் கவுத்துப் பொருத்தியிருக்காரு முதலாளி. திருப்பிப் பொருத்தினா சரியா வரும்," என்றாள் எர்சிலியா.

"அவரு வலை போட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல. கீழ போ," என்றார் முதலாளி.

அடுத்த வாரம் தர்சிசியோ அதே அச்சில் புது வலையை அழுத்தி, இந்த முறை திருப்பிப் பொருத்த, முகம் சரியாக வந்தது. மெழுகைத் தானே புதிதாகச் செதுக்கியதாகச் சொல்லிக்கொண்டார். நாற்காலி அவர் மருமகனுக்குப் போயிற்று.

படியில் எர்சிலியா தர்சிசியோவை மறித்தாள். "தெரிஞ்சேதான் கவுத்தீங்களா?"

"தெரியாமத்தாம்மா. வலையோட எந்தப் பக்கம் எதுன்னு இப்பல்லாம் எனக்குத் தெரியல."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"கண்ணு போச்சுன்னு சொன்னா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உனக்குக் கீழயாவது வேலை இருக்கு."

அவள் வழிவிடாமல் நின்றாள். அவர்தான் சுவரைத் தடவிக்கொண்டு சுற்றிப் போனார்.

மறுநாள் அந்த முகம் பதிந்த தாள்கள் அவள் மேஜைக்கு வந்தன. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கினாள். கழித்துப் போட ஒரு குறையாவது கிடைக்காதா என்று மாலைவரை தேடினாள். கிடைக்கவில்லை.