வலமாகப் படித்த கட்டங்கள்

கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. முதலாளி பெரும்பாலும் வெளியே சுற்றிக்கொண்டிருப்பார் என்பதால் கடை என் பொறுப்பில்தான். வரிசையில் நிற்காமல் கையை நீட்டுகிறவர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் பாத்துப் பேசுப்பா" என்று பக்கத்து டீக்கடைக்காரர் புதிதாக வருகிறவர்களை எச்சரிப்பாராம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த நோட்டீஸும் எங்கள் கடையில் அடித்ததுதான். ஊருக்குள் ஒரு வாடகை மாடியில் நடக்கும் சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் டீச்சர் கொண்டுவந்து கொடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர். படம் வரைவதென்றால் பைத்தியம். பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் கிடைத்த காகிதத்தின் ஓரத்தில் யாருடைய மூக்கையாவது வரைந்துவிடுவார். சனிக்கிழமை காலையில் படக்கதை, கார்ட்டூன் பற்றிக் கூடிப் பேசலாம், வரைந்து பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது என்று ஏற்பாடு செய்திருந்தார். நோட்டீஸின் தலையில் கொட்டை எழுத்தில் 'கட்டம் போடலாம் வாங்க!' என்றும் அதையொட்டி 'சனிக்கிழமை காலை, இலவசம்' என்றும் இருந்தது. படக்கதைக்காரர்கள் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தானே வரைவார்கள், அதைச் சொல்கிறார். மற்ற விவரமெல்லாம் கீழே பொடி எழுத்தில். ஒரு பிரதியைக் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். மறுநாள் 'ஆதார் பிளாஸ்டிக் கார்டு எடுத்துத் தரப்படும்' என்ற அறிவிப்பை அதன் கீழ்ப்பாதியை மறைத்து ஒட்டியதும் நானேதான்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்துவிட்டேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் வடக்கனந்தலிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். உள்ளே வராமல் கதவுக்கு வெளியிலேயே நின்று நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. மெதுவாகப் படிப்பாள், ஆனால் பாதியில் விடமாட்டாள்.

"சனிக்கெழம கட்டம் போட சொல்லித் தராங்களாமே? காசு இல்லியாம். போலாமாடி?"

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. மாட்டுக்குத் தீவனம், மரவள்ளிக்குத் தண்ணீர் என்பதைத் தாண்டி அம்மா எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"ஏன், எனக்கு வராதா? நாமளே கத்துக்கினா நாலு பேரு கிட்ட போய் நிக்க வேணாம் பாரு."

சரிதான், அம்மாவுக்கும் ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டும் என்று மகிழ்ந்துபோனேன். கடையிலிருந்து இரண்டு பென்சில்கூட எடுத்து வைத்தேன்.

எனக்கே அப்போது ஒரு மாற்றம் தேவையாகத்தான் இருந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் நைனார்பாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு முப்பத்துநாலு வயது. மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. வந்து உட்கார்ந்ததிலிருந்து எழுந்து போகும்வரை செல்போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாதான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் கடைக்கெல்லாம் போக வேணாம்மா, எங்க வூட்ல அது பழக்கமில்ல" என்றார். அவர்கள் பக்கத்து ஜோசியர் ஜாதகம் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.

அந்த இடம் எனக்கு வேண்டாம். கடையை விட்டுவிட்டு அந்த வீட்டில் போய் என்னால் உட்கார முடியாது. வீட்டில் இதைச் சொன்னால் முடிந்தது. ஆனால் கடையில் ஊரையே அதட்டுகிற எனக்கு, வீட்டில் கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் வாயில் கொழுக்கட்டை. வெட்கம் கிட்கம் எல்லாம் இல்லை. எத்தனையோ வரன்கள் தட்டிப்போன பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து இதுவும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நீள மேசை, சத்தம் போடுகிற மின்விசிறி. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கல்வராயன்மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கம், ஒரு அங்கன்வாடி டீச்சரும் வந்திருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சுவரில் படம் போட வேண்டும் என்பதற்காகக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கியிருந்தார். கம்ப்யூட்டர் டீச்சர் எல்லோரையும் வரவேற்றுவிட்டு, "உங்களுக்கு இதுல எப்படி ஆர்வம் வந்துச்சு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அம்மாவின் முறை வந்தது. அவள் பைக்குள் கையை விட்டு, லேமினேட் செய்த என் ஜாதகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தாள்.

"இது பொண்ணோடது, இது பையனோடது. மொதல்ல இந்த ரெண்டு கட்டத்தையும் வச்சே சொல்லிக் குடுத்துருங்க மேடம். நாளைக்கு அவுங்களுக்கு பதில் சொல்லணும்."

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த ஜாதகத்தை லேமினேட் செய்ததே நான்தான், குமிழி விழாமல், நல்ல கனமான ஷீட்டில்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இது ஜோசியம் இல்லைங்கம்மா. கட்டம் போட்டு அதுக்குள்ள படம் வரையறது. படக்கதை."

"பொம்ம போடறதா?"

"ஆமாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்கம்மா கேட்ட?"

எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சருடைய முறை இதுதான். ஒரு தாளை நாலாக மடித்துப் பிரித்தால் நாலு கட்டம். வீட்டில் உண்மையாக நடந்த ஒன்றை அதில் வரைய வேண்டும். வட்டத்தில் தலை, குச்சியில் கைகால் போதும். பேசுகிறவர் தலைக்குமேல் பலூன் போட வேண்டும், ஆனால் உள்ளே ஒன்றும் எழுதக் கூடாது. தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். பேச்சை அவர்தான் எழுதுவார். "நம்ம படம் அடுத்தவங்களுக்கு என்ன சொல்லுதுன்னு அப்பதான் தெரியும்" என்றார். அங்கன்வாடி டீச்சர் மலையேற மறுத்த பஸ்ஸை எல்லோரும் இறங்கித் தள்ளுவதை வரைந்தார். ரொம்ப நன்றாக இருந்தது.

நான் பெண் பார்த்த கதையை வரைந்தேன். வேறு எதுவும் மனதில் இல்லை. மேலே முதல் கட்டத்தில் அவர்கள் வந்து நாற்காலியில் உட்காருகிறார்கள். அதற்கு வலப்பக்கம் நான் காபித் தட்டோடு நிற்க, மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறக்கிறார். கீழே இடப்பக்கம் அவரும் அவருடைய கணவரும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுக்கிறார்கள், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறேன். கடைசியாகக் கீழே வலப்பக்கம், கார் போய்விட்டது, நான் டம்ளர் கழுவுகிறேன். அதில் பேச்சே இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிற என் தலைக்குமேல் மட்டும் ஏனோ ஒரு பலூன் போட்டிருந்தேன்.

"எனக்கு பொம்மயெல்லாம் வராது. நீ குடு, நான் எழுதறேன்" என்று அம்மா என் தாளை இழுத்துக்கொண்டாள். முதல் கட்டத்தில் 'வாங்க வாங்க' என்று எழுதினாள். அடுத்ததில் மாப்பிள்ளையின் அம்மா பலூனில் 'கடைக்கெல்லாம் போக வேணாம்' என்று எழுதினாள். அந்தப் பேச்சை அவளும் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவள் விரல் இடப்பக்கம் போகாமல் நேராகக் கீழே இறங்கியது. கார் போன கட்டத்தைப் பார்த்தாள், எழுத ஒன்றும் இல்லை, கடைசியாகத்தான் குசுகுசுப்புக் கட்டத்துக்கு வந்தாள். ஜாதகக் கட்டம் வலமாகச் சுற்றித்தானே போகும்? எத்தனையோ வருஷமாக அவள் பார்த்த கட்டங்கள் அவைதான். இதையும் அப்படியே படித்துவிட்டாள்.

அவள் வரிசைப்படி இப்போது விருந்தாளிகள் போயாகிவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு ஆண், ஒரு பெண், கதவுக்குப் பின்னால் நான். அம்மாவின் பேனா நின்றது.

"இத்தையும் கேட்டுக்கினா இருந்த?" என்றாள் சன்னமாக.

"எத?"

"அவுங்க போனப்புறம் நானும் உங்கப்பாவும் பேசினத."

வரிசை தப்பும்மா, அது மாப்பிள்ளையோட அப்பாவும் அம்மாவும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். ஆணுடைய பலூனில்: 'புள்ள மூஞ்சே சரியில்ல. இஷ்டமில்ல போல.' பெண்ணுடைய பலூனில்: 'எல்லாம் போகப் போக சரியாயிடும்.'

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சுர்ரென்று ஏறியது. இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்தே ஒருவர் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் அதை அமுக்கியிருக்கிறார். நான் ராத்திரியெல்லாம் புரண்டு கொண்டிருந்தது எதற்கு? என்னோடு ஒரு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அப்பா, என் முகத்தைப் பார்த்திருக்கிறார். அதை நினைத்தபோது கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

அம்மா என் பலூனுக்குமேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"இவ இன்னா சொல்றா?"

"நீதான எழுதணும்."

"மத்ததெல்லாம் என் காதால கேட்டது, எழுதிட்டேன். இவ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலியே. நான் இன்னான்னு எழுதுவேன்?" பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

டீச்சர் அந்தப் பக்கமாக வந்தவர், "பக்கத்துல இருக்கறவங்கதாங்க எழுதணும்" என்று நினைவுபடுத்தினார்.

"இருக்கட்டும் மேடம். இத்த மட்டும் அவளே எழுதட்டும்" என்றாள் அம்மா.

எழுதினேன். 'எனக்கு இந்த இடம் வேண்டாம். கடையை விட மாட்டேன்.' நான் போட்டிருந்த பலூன் சின்னது. பாதி எழுத்து கதவின் மேலேயே போய் விழுந்தது.

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். முகத்தில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் அதைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த எடம் மட்டுமா? எந்த எடமுமேவா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை.

"தெரியலம்மா. இந்த எடம் வேணாம். அது தெரியும்."

"சரி" என்றாள்.

கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அங்கன்வாடி டீச்சரின் பஸ் படத்தை வாங்கிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். ஜாதகங்களைப் பையில் வைத்துக்கொண்டாள். டீச்சர் என் தாளைச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டார். அம்மா, "வேணாம் மேடம், வூட்டு சமாச்சாரம்" என்று மடித்து அதையும் பைக்குள் வைத்தாள்.

படியிறங்கும்போது பாதியில் நின்று செல்போனை எடுத்தாள். நைனார்பாளையத்துக்குத்தான். நாளைவரை காத்திருக்க அவளுக்குத் தோன்றவில்லை. நான் பின்னால் மேல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"நான்தாங்க, வடக்கனந்தல்லேர்ந்து... நல்லாருக்கோம்ங்க. பொண்ணு வேணாங்குதுங்க."

அந்தப் பக்கம் நீளமாக என்னவோ பேச்சு கேட்டது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"இல்லீங்க, எங்களுக்கு ஒரு கொறயும் இல்ல. அவளுக்குத்தான் வேணாமாம்."

மறுபடி அந்தப் பக்கம் பேச்சு.

"வாய்க்கு வந்தத சொல்லலீங்க. எழுதியே குடுத்துட்டா."