மாடிக்காரர் எழுதிய பெயர்

ஒன்பது வருடங்களாக அந்த இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் வேலை நாள் முழுக்க ஒருவர் கையசைத்தால்தான் மற்றவர் நகர்வார். ஒருவர் டவர் கிரேன் ஓட்டுபவர். பதினைந்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பதால் கட்டடத் தளத்தில் அவருக்கு மாடிக்காரர் என்று பெயர். இன்னொருவர் கீழே நின்று சிக்னல் கொடுப்பவர். கையை வீசி வீசி வழிகாட்டுவதைப் பார்த்து யாரோ டிராஃபிக் என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

டிராஃபிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. தனிக்கட்டை. ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். பார்ப்பவர்களுக்கு அவர் வேலை சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் சுவருக்குப் பின்னால் யார் குனிந்திருக்கிறார்கள் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. கீழே இருக்கும் கைதான் அவருக்குக் கண். விரல் கீழ்நோக்கிச் சுற்றினால் இறக்கலாம். இரண்டு கைகளும் அகல விரிந்தால் அந்த நொடியே நிற்க வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்க அவகாசம் கிடையாது.

பேச்சு நின்ற கதை சின்னதுதான். ஒருநாள் கம்பிக்கட்டு ஒன்று சாரத்தில் உரசி இரண்டு பலகைகள் விழுந்தன. யாருக்கும் அடியில்லை. விசாரணையில் மாடிக்காரர், "வெயில் கண்ணுல அடிச்சுது சார், சிக்னல் தெரியலை" என்றார். அடுத்து டிராஃபிக்கைக் கேட்டார்கள். "நான் நிறுத்தச் சொல்லிக் காட்டினேன். அவர் போனைப் பார்த்துக்கிட்டிருந்தார்."

மாடிக்காரரை இரண்டு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பி வந்த அன்றே வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டார். "கரகரன்னு ஒரே இரைச்சல். எனக்குக் கை போதும்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். சாப்பாட்டு மேசையில் உப்பு டிராஃபிக் பக்கம் இருந்தால் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வார்.

அப்படிப்பட்டவரின் மனைவி ஒரு திங்கட்கிழமை மதியம் தளத்தின் வாசலில் வந்து நின்றார். மாடிக்காரர் மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை. தலைக்குள் கட்டி என்று பேசிக்கொண்டார்கள்.

"என்ன அண்ணி, இவ்வளவு தூரம்?"

"உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னார், தம்பி."

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் இப்படி இருந்தது: எனக்கு நினைவு தப்பி, என்னால் பேச முடியாமல் போனால், சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று என் சார்பில் முடிவெடுக்க இவரை நியமிக்கிறேன். அதற்குக் கீழே கோணல்மாணலான எழுத்தில் டிராஃபிக்கின் முழுப் பெயர். 'உறவுமுறை' என்ற கட்டத்தில் 'சிக்னல்' என்று எழுதியிருந்தது.

"அவர் என்கூடப் பேசறதே இல்லையே, அண்ணி."

"அதைத்தான் நானும் கேட்டேன். முப்பது வருஷமா குப்பை கொட்டினவ நான் இருக்கேன். பெத்த பொண்ணு இருக்கா. எங்க பேரை எழுத மட்டும் பேனால மை தீர்ந்துபோச்சு போலிருக்கு." குரல் நிதானமாகத்தான் இருந்தது. பேனாவையும் எடுத்து நீட்டினார். "வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள வேணுமாம்."

டிராஃபிக் பேனாவை வாங்கவில்லை. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவருடன் பஸ் ஏறினார்.

நான்கு கட்டில்கள் போட்ட அறை. ஜன்னலோரக் கட்டிலில் மாடிக்காரர், தலை மழித்து, பாதியாக இளைத்துக் கிடந்தார். இவரைப் பார்த்ததும் மனைவியை வெந்நீர் பிடித்து வர அனுப்பினார்.

"வந்துட்டியா" என்றார். ஒன்பது வருடத்தில் முதல் வார்த்தை.

"என் பேரை எதுக்கு எழுதினே?"

"நீ சொன்னா சொன்னதுதான். அதான் விசாரணையில பார்த்தேனே."

"அதுக்குத்தானே இத்தனை வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே?"

"அது எனக்கு ரெண்டு மாச வேலை போனதுக்கு. இது உயிர் விஷயம்டா." மூச்சு வாங்கிக்கொண்டார். "கண்ணு முழிக்காமலே போகலாம்னு டாக்டர் சொல்றார். குழாயைச் செருகி, மெஷினை மாட்டி, மாசக்கணக்குல கிடக்க எனக்கு இஷ்டமில்லை. இவளைக் கேட்டா, 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் டாக்டர்'னு தினமும் சொல்லுவா. நீ நிறுத்திடுவே."

"இதை அண்ணிகிட்டச் சொன்னியா?"

மாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அழுவா."

"ஓஹோ. நீ வாயால சொல்லப் பயப்படறதை நான் கையால செய்யணும். அப்புறம் காலத்துக்கும், என் புருஷனைக் கொன்னவன்னு அவங்க என்னைப் பார்க்கணும். ரொம்ப நல்லா இருக்கு உன் நியாயம்!"

"மெதுவாப் பேசு. பக்கத்துல பேஷண்ட் இருக்காங்க."

"நீ பேஷண்ட் இல்லையா? கேளு. முதல்ல அவங்க முகத்தைப் பார்த்து நீ சொல்லு. சொன்னா கையெழுத்துப் போடறேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாரு."

"முடியாது."

டிராஃபிக் கதவை நோக்கி நடந்தார்.

"போறான் பாரு, திமிர் பிடிச்சவன்... டேய், நில்லுடா!"

கதவருகே நின்றுவிட்ட டிராஃபிக்கைத் தாண்டி மனைவி பிளாஸ்க்குடன் உள்ளே வந்தார். மாடிக்காரர் மழித்த தலையை வைத்து ஏதோ கேலி பேச ஆரம்பித்து, பாதியில் விட்டு, கடைசியில் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காமல், மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். மனைவி பிளாஸ்க் மூடியைத் திருகினார். ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை மறுபடியும் திருகினார்.

"எத்தனை நாள் பார்க்கறது?"

"இனிமே தேறாதுன்னு டாக்டர் சொல்ற அன்னைக்கே நிறுத்திடணும்."

"பொண்ணு வர வேண்டாமா? பிளேன் ஏறி வர ரெண்டு நாளாவது ஆகாதா?"

அதை அவர் யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வரட்டும். அவ வந்து பார்க்கற வரைக்கும் இருக்கேன்."

"அதையும் எழுதுங்க" என்றார் மனைவி. பிறகு தணிந்த குரலில், "மூணாவது மனுஷன் வந்து நின்னாத்தான் என்கிட்ட வாயைத் திறப்பீங்களா?" என்று கேட்டார். மாடிக்காரர் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற வரியை டிராஃபிக்கே எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். நர்ஸ் ஒருவரும் எதிர்க்கட்டில் நோயாளியின் தம்பியும் சாட்சிகள்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. மாடிக்காரர் கண் விழிக்கவில்லை; மெஷினில்தான் மூச்சு ஓடியது. மூன்றாம் நாள் மகள் வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் நாள் டாக்டர் மூவரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்.

"மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இனிமே நினைவு திரும்பாது. அழுத்தத்தைக் குறைக்க இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். சில வாரம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான். செய்யறதா, மெஷினை எடுத்துடறதான்னு நீங்கதான் சொல்லணும்" என்று டிராஃபிக்கைப் பார்த்தார்.

என்ன சொல்வது என்பதைப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் டிராஃபிக் மனப்பாடம் செய்திருந்தார். ஒரே சொல்தான். வாயைத் திறந்தார், வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு ஒரு மதியம்தான் பேசக் கிடைத்திருக்கிறது. யாருக்கு வந்தாலும் தனக்கு வராது என்று அவர் நினைத்திருந்த எண்ணம், 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே' என்பது, அவருக்கே வந்தது.

"வேண்டாம்னு சொன்னார், டாக்டர்" என்றார் மனைவி. "என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்."

"புரியுதும்மா. ஆனா நியமிச்சவர் வாயால வரணும்."

மனைவி டிராஃபிக் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "சொல்லுங்க தம்பி. இது உங்க ஒருத்தர் தலையில இல்லை. நானும் கேட்டிருக்கேன்."

"ஆபரேஷன் வேண்டாம்" என்றார் டிராஃபிக். "மெஷினை எடுத்துடுங்க."

டாக்டர் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார். மனைவியும் மகளும் வார்டை நோக்கி நடந்தார்கள். டிராஃபிக் தாழ்வாரச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான்கடி போன மனைவி திரும்பிப் பார்த்தார்.

"அங்க எதுக்கு நிக்கறீங்க? உள்ள வாங்க."