கெளுத்தி மாதேஸ்வரன்

மாதேஸ்வரன் முழங்கால் தண்ணீரில் குனிந்து, பாறைப் பொந்துக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுகிறார். ஒரு பக்கக் கன்னம் தண்ணீரில் கிடக்கிறது. வாய் மட்டும் ஓயவில்லை. "வந்துரு கண்ணு. எங்க போயி ஒளிஞ்சாலும் உடமாட்டேன் சாமி." உள்ளே இருக்கும் கெளுத்தி மீனிடம்தான் இத்தனை கொஞ்சல். மனிதர் யாரிடமாவது இவர் இப்படிப் பேசி எத்தனை வருஷமோ!

கெளுத்தி லேசுப்பட்ட மீன் அல்ல. தலை முழுக்க எலும்புத் தகடு. முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக, ரம்பம் போலப் பல் வைத்த மூன்று முள். குத்தினால் எப்பேர்ப்பட்ட ஆம்பிளையும் ஐயோ அம்மா என்று அலறிவிடுவான். அதனால் மலைமேல் இந்த அரியூர் நாட்டில் கெளுத்தி கைக்கு வந்ததும் மூன்று முள்ளையும் மடக்கென்று ஒடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இவர் மட்டும் ஒடிப்பதில்லை. விரல்களெல்லாம் வீங்கி, இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கின்றன. அம்மை குத்துவதற்காக வருஷத்துக்கு இரண்டு தரம் பேளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வருகிறவன் நான். அந்தக் கையைப் பார்த்து ஒருநாள் பொறுக்காமல் திட்டிவிட்டேன். "ஏன்யா, உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"புத்தி கெட்டது இப்ப இல்லீங்க, நாலு வருசத்துக்கு முன்னால" என்று கரையில் உட்கார்ந்தார்.

இந்த மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் விடாமல் அடித்தால், உயிருள்ள கெளுத்தி ஒன்றைக் கையாலேயே பிடித்து, நோயாளியின் தலையை மூன்று தரம் சுற்றி, கோயில் மடுவில் விடுவார்கள். நோவை மீன் கொண்டுபோய்விடுமாம். மீனுக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது. மீசை அறுந்திருந்தாலும் முள் ஒடிந்திருந்தாலும் சாமி ஏற்காது. மனைவி ராமாயி காய்ச்சலில் கிடந்தபோது, வற்றிய ஓடையில் விடிந்ததிலிருந்து தேடி இவருக்கு ஒரே ஒரு கெளுத்தி அகப்பட்டிருக்கிறது.

"புடிச்சனுங்க. புடிச்ச கையி, பளக்கதோசத்துல மடக்குனு ஒடிச்சுப்போடுச்சுங்க. நா ஒடிக்கலீங்க, கையி ஒடிச்சுது. இன்னொண்ணு தேடிப் புடிச்சு ஊடு போயிச் சேரறதுக்குள்ள, வாசல்ல பொம்பளைங்க அளுதுக்கிட்டு இருந்தாங்க."

மீனுக்கும் காய்ச்சலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

இந்தச் சித்திரையில் நான் போன மூன்றாம் நாள், பெருமாயி என்ற பெண் ஓடைக்கரைக்கு ஓடிவந்தாள். எட்டு வயது மகள் கண்ணாயிக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். என் பையிலிருந்த கொயினா மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தாயிற்று, இறங்கவில்லை.

"அண்ணா, முளு மீனா ஒண்ணு புடிச்சுக் குடுங்கண்ணா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதானுங்க."

"அளுவாத அம்மிணி. எடுத்துத் தாரேன்."

ஓடை என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். அங்கங்கே குட்டையாகத் தேங்கிக் கிடந்தது தண்ணீர். மூன்று குட்டைகளைத் துழாவியும் நண்டுதான் வந்தது. நாலாவதில் அவர் முகம் சுருங்கியது. கை மெல்ல வெளியே வந்தது, கூடவே கெளுத்தியும். அதன் பக்கத்து முள் அவர் உள்ளங்கைக்குள் அடிவரை இறங்கியிருந்தது. பல் வைத்த முள்ளாயிற்றே, இழுத்தால் வராது, ஒடியும். பெருமாயி கொண்டுவந்திருந்த சட்டித் தண்ணீருக்குள் மீனோடு சேர்த்துக் கையையும் வைத்துக்கொண்டார். தண்ணீர் சிவந்தது.

"ஒடித்துத் தொலையும்யா! கை போய்விடும்!" என்று கத்தினேன். பாவம், பெருமாயி என்ன சொல்வாள்? சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதேஸ்வரன் இடது கையை என் பக்கம் நீட்டினார். "அம்மை குத்தற சின்னக் கத்தி உங்க பையில இருக்குமுங்களே, குடுங்க சாமி."

அப்பாடா, முள்ளை அறுக்கப் போகிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியைத் தண்ணீருக்குள் இறக்கி, முள்ளை ஒட்டித் தன் உள்ளங்கையை அறுக்கத் தொடங்கினார்.